நாற்பத்தாறு

பழையபேட்டையில், மாங்காய் மண்டிக்குத் திரும்பும் சந்தில்
தராசு பழுது பார்க்கிறேன்.
ஜூன் வந்தால் மூச்சு விட நேரமில்லை.
கிலோவுக்கு ஐம்பது கிராம் விழுங்கும் தராசுகளைக்
கக்கவைத்து முத்திரைக்கு அனுப்பவேண்டும்.

அந்த நெரிசலில் திம்மராயன் வந்தார்,
செருப்புப் பெட்டியில் துணி சுற்றிய சின்னத் தராசோடு.
நகைக்கடைக்காரர் என்று நினைத்தேன்.
"மருந்து நிறுக்கிறது" என்றார்.
சித்த வைத்தியர் என்று நினைத்தேன்.
"துப்பாக்கி மருந்துப்பா."
கேட்காமலே உரிமத்தை எடுத்து மேசையில் வைத்தார்.
"இப்ப பன்னி, மானெல்லாம் இல்ல.
பலகையைத்தான் சுடறது."

இரண்டு கணக்கு கொண்டுவந்திருந்தார்.
ஒன்று அறுபத்தெட்டாம் வருஷத்து நோட்டு,
எண்ணெய் குடித்துக் குடித்து
மறுபக்கத்து எழுத்தும் தெரிகிற தாள்.
தேதி, குண்டு, மருந்து எத்தனை கிரெயின்.
ஓரத்தில் இரண்டொரு சொல்:
நல்லது. தோள் வலி. பன்றி, அஞ்செட்டி.
மருந்துக் கட்டத்தில் பக்கம் பக்கமாய் நாற்பத்தாறு.

மற்றது புது அட்டவணை, அச்சில்.
அதே துப்பாக்கி, அதே குண்டு, அதே மருந்து.
நாற்பத்து மூன்றில் ஒரு சிவப்புக் கோடு,
அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"பயந்தாங்கொள்ளிங்க எழுதினது" என்றார்.
"கேஸ் போட்டுடுவாங்கன்னு குறைச்சிட்டானுங்க.
நாலு வருஷம் நாற்பத்தாறு தின்ன துப்பாக்கி இது.
ஒரு பித்தளைக் கூடு விரிஞ்சதில்ல."
ஓசூரிலிருந்து மகள் வாங்கியனுப்பிய மின்தராசில்
ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தாறு நிறுத்து அடைக்கப்போகிறாராம்.
அதற்குமுன் இரண்டு தராசும் ஒன்றே சொல்கிறதா
பார்த்துச் சொல்லவேண்டும்.

"அப்ப நிறுத்தது நீங்கதானா?"
"லகுமையன். நான் சுடுவேன், அவன் அடைப்பான்.
வேணாம் வேணாம், நாற்பத்தாறு ஜாஸ்தின்னு
தினம் ஒப்பாரி.
கோழைன்னு சந்தையில வச்சு ஒரு நாள் சொன்னேன்.
அதோட பேச்சில்ல."

பழைய தராசைத் தொங்கவிட்டேன்.
வெறும் தட்டு.
மருந்துப் பக்கம் மெல்லச் சாய்ந்தது,
காது கேளாதவர் தலையைச் சாய்ப்பதுபோல.
சுடுகிறவர் இதை ஒருநாளும் பார்த்ததில்லை.

கேழ்வரகு அள்ளி நாற்பத்தாறுக்கு நிறுத்தேன்,
முள் நடுவில் நின்றது.
அதே கேழ்வரகை மின்தராசில் கொட்டினேன்.
நாற்பத்து மூன்று.
இன்னொரு முறை. நாற்பத்து மூன்று.

தட்டைக் கவிழ்த்தேன்.
அடியில் சட்டைப் பொத்தான் அளவு அரக்கு,
தட்டின் நிறத்துக்கே கறுத்துப்போய்.
நடுவில் பெருவிரல் அழுத்திய குழி,
ரேகை இன்னும் இருந்தது.

நான் பார்த்த திருட்டுத் தராசுகளில்
ஈயம் ஒட்டியது உண்டு, காந்தம் உண்டு,
தட்டுக்குள் தட்டு உண்டு.
எல்லாம் ஒருவன் பைக்குப் போனது.
இந்த மூன்று கிரெயின்
திரும்ப டப்பாவுக்குள்ளேயே போயிருக்கிறது.

திம்மராயன் நோட்டைப் புரட்டினார்.
"அப்போ அந்த அஞ்செட்டிப் பன்னி?"
"நாற்பத்து மூணுலதான் விழுந்திருக்கு."
"தோள் வலி?"
நான் பதில் சொல்லவில்லை.

"திருட்டுப்பய" என்றார்.
"நாலு வருஷம். என் துப்பாக்கியில.
என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டே."
கழுத்து நரம்பு புடைத்தது.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்
மண்டி வாசலில், லாரி மறைத்த நிழலில்
கொஞ்ச நேரம் நின்றார்.

நான் அடுத்த தராசைப் பிரித்துவிட்டேன்,
பர்கூர்க்காரருடையது,
ஸ்பிரிங்கில் மாம்பால் ஒட்டிக்கிடந்தது.

திரும்பி வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார்.
"அரக்கைச் சுரண்டினா எவ்வளவு ஆகும்?"
"சுரண்டாம முத்திரை போட மாட்டாங்க."
"முத்திரையை யார் கேட்டா."
பழையதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார்,
தட்டு கவிழ்ந்தபடியே.

பிறகு மின்தராசை என் பக்கம் தள்ளினார்.
"இதுல நாற்பத்து மூணு
எப்படி வைக்கிறதுன்னு காட்டு."

வெளியே கூடை இறக்கும் சத்தம்.
கேழ்வரகை மறுபடி அள்ளினேன்.
நாற்பத்து இரண்டரையில் என் கையைப் பிடித்தார்.
"போதும்" என்றார்.