தண்ணீர் மீட்டர்

தார்த்துவில் பிப்ரவரி. ஜன்னல் மட்டத்துக்குப் பனி.
நாற்பத்தோராயிரம் படங்கள். இடமில்லை என்கிறது கணினி
காலையிலிருந்து மூன்றாம் தடவை.

ஒன்றுபோல் இருப்பதையெல்லாம் அழிக்க உட்கார்ந்தாள் மாரிகா.
ஏரி, ஏரி, அதே ஏரி. ஒன்று போதும்.
பிறகு குளியலறைத் தண்ணீர் மீட்டர்,
மாதம் ஒன்றாக ஒன்பது வருடம்.
மொத்தமாகத் தேர்ந்தெடுத்தாள்.

இவர் யார்? என்றது மென்பொருள்,
மீட்டர் கண்ணாடிமேல் சின்னச் சதுரம் போட்டு.

குனிந்த நெற்றி. பாதிக் கண். கைபேசி வெளிச்சம்.
கல்யாணம், படகு, பிறந்தநாள்
எதிலும் இல்லாத ஆள்;
எடுத்ததே அவன்தானே.
எண் ஏற ஏற
நெற்றியும் ஏறிக்கொண்டே போகிறது.

அடுப்படியிலிருந்து ஊலோ:
"எவ்வளவு இடம் கிடைச்சுது?"

"ஒண்ணும் கிடைக்கலை.
புது ஹார்டு டிஸ்க் வாங்கணும்."