முழங்கை

முதலில் பல்பைக் கழற்றினேன்.
நூறு வாட். நின்றால் நின்ற இடத்தில் படத்தைப் பொரித்துவிடும் சாதி.
ஓடிக்கொண்டே இருந்தால்தான் தப்பலாம் என்பது
அந்தக் காலத்துப் பிலிமின் விதி.
அதன் கூட்டுக்குள் குளிர்ந்த எல்.ஈ.டி. ஒன்று,
முன்னால் பால்நிறத்தில் ஒரு துண்டு,
ஐஸ்கிறீம் பெட்டி மூடியில் வெட்டியது.
இனி எந்த முகத்தையும் எவ்வளவு நேரமும் நிறுத்தலாம்.

அடுத்தது மோட்டர்.
முறிகண்டியில் கவிழ்ந்த டொல்பின் வானின்
வைப்பர் மோட்டரைப் பழைய இரும்புக் கடையில்
அறுநூறு ரூபாய்க்கு எடுத்தேன்.
மழை துடைத்த வேகம் போதும்:
ஒரு சுற்று, ஒரு படம், ஒரு டிக்.
டிக் என்பது உடைந்த மவுஸின் இடது பொத்தான்.
அது சொன்னால் கமரா கண்ணைச் சிமிட்டும்.

மூன்று சிறகுள்ள தகடொன்று நடுவில் சுழலும்.
படம் நகரும்போது ஒளியை மறைப்பது அதன் வேலை.
அதையும் கழற்றிக் கையில் வைத்துக் கணக்குப் பார்த்தேன்:
அந்த நாளில் படம் பார்த்தவர்கள்
பாதி நேரம் இருட்டைத்தான் பார்த்திருக்கிறார்கள்,
தெரியாமல்.
இப்போது அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பை வைக்கிறேன்.

பாக்கியநாதர் மாங்குளம் சந்தியில் பஸ் இறங்கி
பால்மா ரின்னைக் கக்கத்தில் இடுக்கி வந்தவர்.
உள்ளே நாலு றீல். வினாகிரி மணம்.
"ரெண்டு தரம் தாட்டது, ரெண்டு தரம் கிண்டினது" என்றார்,
கிழங்கைப் பற்றிச் சொல்வதுபோல.
கலியாணம், பிறந்தநாள் ஒன்றும் அவருக்கு வேண்டாம்.
"கிணறு பிள்ளை. எங்கட வீட்டுக் கிணறு.
கட்டில ஐயா வருசம் எழுதினவர்.
அது காடாம், அங்க ஒருத்தரும் இருக்கேல்லையாம்.
எல்லைக்கல்லு நட்டிருக்கினம்.
வெள்ளிக்கிழமை விசாரணை."

மூன்று நிமிடம் இருபது செக்கனுக்கு
மூவாயிரத்து அறுநூறு டிக்.
சுருங்கிய துளைகளில் கொக்கி தவறும்போதெல்லாம்
ஊசிமுனையால் தள்ளிவிட்டேன்.
ஆயிரத்துச் சொச்சத்தில் கறன்ற் போனது.
மோட்டர்சைக்கிள் பற்றறியில் கொழுவி
விட்ட இடத்தில் தொடங்கினேன்.

நாய். உரல். டிரக்டரின் பின்சில்லு.
பாதிப் படத்தை மூடிக்கொண்டு ஐயாவின் விரல்.
பிறகு கிணறு,
வந்த கையோடு குறுக்கே ஒரு பெண்.
இடுப்பில் அலுமினியச் சட்டி.
எடுக்காதையுங்கோ என்று கையை ஆட்டுகிறார்,
சிரிப்பும் கோபமுமாய்.
நாற்பது படம், எழுபது படம்,
கிணற்றுக்கட்டை மறைத்துக்கொண்டு நிற்கிறார்.
டிக். நிற்கிறார். டிக்.
நிற்கிறார்.

பாக்கியநாதர் கதிரையை இழுத்துத்
திரைக்குக் கிட்டப் போனார்.
"அம்மா, கொஞ்சம் விலகுங்கோ."

சொன்னது தனக்கே கேட்டிருக்கவேண்டும்.
மேசையில் கிடந்த ஸ்குறூக்களை
அளவு பார்த்து அடுக்கத் தொடங்கினார்.
நானும் பேசவில்லை. மவுஸ் பேசியது.

இரண்டாயிரத்து முந்நூற்று ஆறாவதில் அவர் விலகினார்.
சீமெந்து ஈரமாய் இருந்த அன்று
விரலால் கீறிய 1971.
ஏழின் கால் கொஞ்சம் வளைந்து.
வலது ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் மிச்சம்,
சோப்பு நுரையோடு.

"இந்தக் கையை வெட்டிவிடலாம்,
கிணறு துப்புரவாய்த் தெரியும்" என்றேன்.
யோசித்தார்.
"கிணறு தானாத் தண்ணி அள்ளுமே பிள்ளை?
கிடக்கட்டும்."

ஏ-நாலு தாளில் இரண்டு பிரதி.
மற்றதையெல்லாம் பென்னில் போட்டுத் தரவா என்று கேட்டதற்கு
வெள்ளிக்குப் பிறகு வாறன் என்றார்.

இன்று செவ்வாய்.
றீல் இன்னும் மெசினில்தான்.
இரண்டாயிரத்து முந்நூற்று ஐந்தில் நிறுத்தியிருக்கிறேன்.
அடிக்கடி பல்பைத் தொட்டுப் பார்க்கிறேன்.
சுடவில்லை.