மைனஸ் நாற்பத்திரண்டு

ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா பத்து.
கீழே டயர் கடை, மேலே நான்.
முட்டை அட்டை ஒட்டிய இந்த அறையை
ஸ்டூடியோ என்கிறது வாடகைச் சீட்டு.

ஜூலையில் ஏசியை நிறுத்திவிட்டு
நாலு நிமிடம் பதியலாம்.
அதற்குமேல் போனால் படிப்பவரின் வியர்வை
தாளில் விழுந்து எழுத்தைக் கரைக்கும்.
நிறுத்தினாலும் என்ன,
கீழே கம்ப்ரஸர், காற்றுக்குழாயின் சீறல்,
சுவருக்குள் எங்கோ ஓடும்
ஐம்பது ஹெர்ட்ஸ் முனகல்.

அதற்குத்தான் கேட்.
ஓர் அளவு வைக்கிறோம்.
அதைவிட உரக்க வந்தால் கதவு திறக்கும்,
தாழ்ந்து வந்தால் சாத்திக்கொள்ளும்.
யாரென்று கேட்காது. எதற்கென்று கேட்காது.
பெயரில் மட்டும் கேட்.

இரைச்சலை அது அழித்துவிடுவதாக நினைக்கிறார்கள்.
இல்லை. கதவு திறந்திருக்கையில்
குரலின் நிழலில் இரைச்சலும் உள்ளே வந்துவிடும்.
பேச்சு நின்ற இடத்தில்தான் வெட்டு.

நேற்று வந்தது பாதுகாப்பு அறிவிப்பு.
சாரம் கட்டும் கம்பெனி. ஏழு மொழி.
தமிழுக்கு அவர்களே அனுப்பிய ஆள்
ஜபருல்லா, சார்ஜ் ஹேண்ட், பெரியபட்டினம்.
கண்ணாடியை கேம்ப்பில் மறந்துவிட்டு
தாளை எட்டப் பிடித்துப் படித்தார்:
தலைக்கவசம் அணியவும்.
கொக்கியை மாட்டாமல் ஏறாதீர்கள்.
பலகையின் விளிம்பில் நிற்காதீர்கள்.
கலவை இயந்திரத்துக்கு மேலே கேட்கப் பழகிய குரல்.
டீ வேண்டாமென்று பஸ்ஸுக்கு ஓடினார்.

மைனஸ் நாற்பத்திரண்டில் வைத்தேன்.
இரண்டாம் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் நடுவே
துடைத்த தரை.
அனுப்பிவிடலாம்.
ஆனாலும் கேட்டை எடுத்துவிட்டு ஒருதரம் கேட்பது வழக்கம்,
பூட்டியபின் பூட்டை இழுத்துப் பார்ப்பதுபோல.

கம்ப்ரஸர் இருந்தது. முனகல் இருந்தது.
"ஏறாதீர்கள்" முடிந்த கையோடு
தாளில் இல்லாத ஒரு சொல்,
உதடு அசையாமல் சொன்னதுபோல்.
ஹெட்ஃபோனை அழுத்திக்கொண்டு
திரும்ப, திரும்ப.

சந்தனகுமாரு.

மைனஸ் நாற்பத்தெட்டு.

யாரென்று நானும் கேட்கவில்லை.
யாரிடம் கேட்பது? கேட்டால் ஜபருல்லாவுக்கு ஆகுமா?
கம்பெனி மெயிலைத் திறந்து பார்த்தேன்:
திங்களுக்குள் வேண்டும்,
எல்லா சைட்டுக்கும், எல்லா பஸ்ஸுக்கும். அவசரம்.
ஏன் அவசரமென்று அதில் இல்லை.

அளவை இறக்கினால் பெயர் வரும்,
கூடவே டயர் கடையும் மூட்டை கட்டிக்கொண்டு வரும்.
ஆறு டெசிபல்.
திரையில் ஒரு நகக்கண் தூரம்.
அதில் ஒரு மணி நேரம் போயிற்று.

கடைசியில் அளவைத் தொடவில்லை.
ஹோல்ட் என்று ஒன்று உண்டு,
சொல் முடிந்தபின் கதவு
எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டுமென்பது.
அந்த ஓர் இடத்தில் மட்டும் கூட்டினேன்.
ஏறாதீர்கள்,
கொஞ்சம் கம்ப்ரஸர்,
அதற்குள் "சந்",
கதவு சாத்திக்கொண்டது.

காலையில் போன்.
"மெர்லின் மேடம், ரெண்டாவது வரி முடியற இடத்துல
ஏதோ தூசி மாதிரி கேக்குதே?"
"ரூம் சத்தம் சார்."
"சரி விடுங்க. பஸ்ஸுல ஓடப்போறது,
ஆளுங்களுக்கு எங்க தெரியப்போகுது."

பில் போட்டேன்.
இரைச்சல் நீக்கம்: நூற்றிருபது திர்ஹம்.