பகல் பன்னிரண்டைத் தாண்டினால்

ஓர் இரவுக்கு முப்பத்திரண்டு டாலர்.
ஜன்னலோரம் என்றால் நாற்பது.
ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று
ஒருவரும் கேட்டதில்லை.
கார் நிறுத்துமிடம், குப்பைத்தொட்டி,
வானம் தெளிந்த நாளில்
விரலகலத்துக்கு ஏரி.

ஊசிக்கு வேளைக்கு ஆறு.
மாத்திரைக்கு மூன்று, துப்பினால் ஐந்து.
தடுப்பூசிச் சான்று காலாவதி என்றால்
மருத்துவர் செலவு உங்களோடு.
பகல் பன்னிரண்டைத் தாண்டி வந்தால்
இன்னொரு நாள்.

பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான்.
துலூத்தில், ஏரியை நோக்கிச் சரியும் தெருவில்,
முன்பு தையல் இயந்திரம் விற்ற கடையில்
பதினாறு கூண்டுகள்.
கூண்டு என்று சொல்லாதே,
அறை என்று சொல் என்பாள் முதலாளி மார்னி.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
ஆர்டிஸ் லாஹ்தி வந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்.
துணிக்கூடையில், துண்டுக்கு அடியில்,
ஒரு கண் மங்கிய சாம்பல் பூனை.
பெயர் மேயராம்.
சர்க்கரை வியாதி, நாளைக்கு இரண்டு ஊசி.

எத்தனை நாள் என்றேன்.
ஐந்து என்றாள். விரல்விட்டு எண்ணிப் பார்த்து
ஆறு என்றாள்.
டூசானில் அண்ணனை அடக்கம் செய்கிறார்கள், சனிக்கிழமை.

திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
ஆறு இரவு, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
பன்னிரண்டு ஊசி, எழுபத்திரண்டு.
ஆக இருநூற்று அறுபத்து நான்கு, வரி நீங்கலாக.
அவள் சிரித்தாள். சிரிப்பென்றே வைத்துக்கொள்ளலாம்.
"எனக்கு விமானமே இருநூற்றுப் பத்துதான்."

பிறகு, நான் கேட்காமலே:
பதினோரு வருடமாகக் கூப்பிட்டான் ரெய்னோ.
இங்கே முதல் பனி விழுந்த அன்றைக்குச் சரியாகப்
போன் அடிக்கும்.
எலுமிச்சை மரத்தடியில் நாற்காலி போட்டிருக்கிறேன், வா.
பூனையை எங்கேடா விடுவது என்பேன்.
எவ்வளவு ஆகும் என்று
ஒருநாள்கூட விசாரித்ததில்லை.
ஆயிரமாவது ஆகும் என்று மனதில் வைத்திருந்தேன்.
வசதியான தொகை.

புறப்படுகிறவரின் குறுக்கே ஓடும் பூனை
ஒரு நொடியில் தெருவைக் கடந்துவிடும்.
இது பதினோரு வருடம்
வாசலிலேயே படுத்திருந்தது.
அதைச் சொல்லிக் குற்றமில்லை,
அது தூங்கிக்கொண்டிருந்தது.

படிவத்தை நீட்டினேன்.
என்ன சாப்பிடும், எவ்வளவு,
எந்தச் சத்தத்துக்குப் பயப்படும்.
பனி வாரும் வண்டி, என்று எழுதினாள்.
கடைசியில் அந்த வரி:
அவசரத்துக்கு, உங்களைத் தவிர, யாரை அழைப்பது?

பேனா தடையில்லாமல் ஓடியது.
ஐந்து, இரண்டு, சைபர்.
அரிசோனா எண்.
ஏழாவது இலக்கம்வரை போய் நின்றது.
அடித்துவிட்டு எழுத இடமில்லை.
வேறு தாள் கொடுத்தேன்.
வேறு தாளிலும் அந்த வரி இருந்தது.

மார்னிக்குத் தெரிந்தால் திட்டுவாள்.
தாளை வாங்கி
எங்கள் கடை எண்ணையே எழுதினேன்.
பூனைக்கு ஏதாவது என்றால்
பூனை இருக்கும் இடத்துக்கே
நாங்கள் போன் செய்துகொள்வோம்.

அடுத்த திங்கட்கிழமை
மினியாபொலிஸில் பனிப்புயல், விமானம் ரத்து.
செவ்வாய் மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு வந்தாள்.
கடிகாரத்தை நான்தான் பார்க்கவில்லை என்றேன்.
நான் பார்த்தேனே என்று
இன்னும் இரண்டு நாளுக்கும் நான்கு ஊசிக்கும்
எண்ணி வைத்தாள்.
பட்டியலில் ஒரு பிரதி கேட்டு வாங்கினாள்.
இனி யார் கூப்பிடுவார்கள் என்று
நான் கேட்கவில்லை.

கோட்டுப் பையிலிருந்து மேசைமேல்
இரண்டு எலுமிச்சை.
ஒன்றில் காம்போடு இலை.
மேயர் கிட்டே வந்து முகர்ந்தது,
தும்மியது,
வாலை உயர்த்திக்கொண்டு
தானாகவே கூடைக்குள் போய் உட்கார்ந்தது.