நூற்று நாற்பத்தேழு வாட்

மைனஸ் முப்பத்தொன்று.
உலான்பாத்தரின் வடக்குச் சரிவில்
கடைசி வேலிக்கு முந்தைய வேலி, நீலக் கதவு.
பல்தாந்தோர்ஜ் என்னை உட்காரச் சொல்லும் முன்பே
ஹீட்டரை உட்கார வைத்திருக்கிறார்,
கம்பளிக் கூடாரத்தின் நடுவே
விசாரணைக் கைதி மாதிரி.
பக்கத்தில் சாட்சியாக அது வந்த அட்டைப்பெட்டி.

"இரண்டாயிரம் வாட் என்று அச்சடித்திருக்கிறான்.
ஈரக் காலுறைகூடக் காயவில்லை.
கடைக்காரன் திருடன் என்று
நீ எழுதிக் கொடு, போதும்."

யான்ஜ்மா நீட்டிய உப்புத் தேநீரை
ஒரு வாய் குடித்துவிட்டு
கவ்வுமானியின் தாடையைத் திறக்கிறேன்.
ஒற்றைக் கம்பியை அது கவ்வியதும்
ஏழு ஆம்பியர்.
பிளக்கில் நூற்று அறுபத்தெட்டு வோல்ட்.

பென்சிலால்தான் எழுதுவேன்; இந்த ஊரில் மை உறைந்துவிடும்.
நூற்று அறுபத்தெட்டை ஏழால் வகுத்தேன்.
இருபத்து நான்கு ஓம். மீதி இல்லை.

"இது இதன் பிறவிக் குணம், அண்ணா.
கடையிலும் இருபத்து நான்கு, இங்கேயும் இருபத்து நான்கு.
இருநூற்று இருபது வோல்ட் கொடுத்திருந்தால்
சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கும்.
அழுத்தம் கால்வாசி குறைந்தால்
ஓட்டமும் கால்வாசி குறையும்.
இரண்டும் கைகோத்துக்கொண்டு படியிறங்கும்.
இரண்டையும் பெருக்கித்தானே சூடு?
ஆயிரத்து நூற்று எழுபத்தாறு வாட்.
அவ்வளவுதான் இங்கே எரிகிறது."

அவர் கொஞ்சம் யோசித்தார்.
"அப்படியானால் மின் கம்பெனிக்காரன் திருடன்."

கம்பத்தடிப் பெட்டியில் இருநூற்று மூன்று வோல்ட்.
அவனும் முழு யோக்கியன் இல்லை.
ஆனாலும் முப்பத்தைந்து வோல்ட்
இந்த வேலிக்குள்ளேதான் தொலைந்திருக்கிறது.

தொண்ணூறு மீட்டர் அலுமினியக் கம்பி,
விறகுக் குவியலைச் சுற்றி, கழிப்பறைக்குப் பின்னால்,
பலகையோரம் பனிக்கடியில் போகிறது.
அதைப் பிடித்துக்கொண்டே நடக்கிறேன்.
கம்பியின் நீளம் தின்பது பதினான்கு.
அது கம்பியின் உரிமை, கேட்க முடியாது.
மிச்சம் இருபத்தொன்று?

பாசர் எழுந்திருக்கவில்லை.
கன்றுக்குட்டி அளவுக்குக் கறுப்பு நாய்.
அந்நியரைப் பார்த்தால் வேலியையே உலுக்குமாம்.
இப்போது ஒரு கண்ணை மட்டும் திறந்து
மூடிக்கொண்டது.
முற்றமெங்கும் முழங்கால் பனி;
அது படுத்திருக்கும் இடத்தில் மட்டும் ஈர மண்.
"இந்தக் குளிர்காலம் முழுக்க அங்கேயேதான் கிடக்கிறது,"
என்றாள் யான்ஜ்மா, "வயதாகிவிட்டது போல."

அவர் நாயை நகர்த்த,
அதன் வயிற்றுக்கடியில் ஒரு பிஸ்கட் டின்.
டின்னுக்குள் டேப் சுற்றிய முறுக்கு இணைப்பு,
கருகி, கமறும் வாசனையோடு.
இருபத்தொன்றை ஏழால் வகுத்தால் மூன்று ஓம்.
இருபத்தொன்றை ஏழால் பெருக்கினால்
நூற்று நாற்பத்தேழு வாட்.
மானி இல்லாமல், பென்சில் இல்லாமல்
அதை மூக்கால் கண்டுபிடித்து
நவம்பரிலிருந்து அனுபவித்து வருகிறது.

"இந்த முறுக்கு யார் போட்டது?"
பல்தாந்தோர்ஜ் மலையைப் பார்த்தார்.

மெயினை அணைத்தேன்.
கருகிய முனைகளை வெட்டி, சுரண்டி,
குழாய் இணைப்பில் செருகி நசுக்கி,
மீண்டும் போட்டால்
ஏழே முக்கால் ஆம்பியர், சொச்சம்.
நூற்று எண்பத்தேழு வோல்ட்.
முந்நூறு வாட்டுக்குக் கொஞ்சம் குறைவாக
வீட்டுக்குள் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது.
யான்ஜ்மா கையுறையைக் கழற்றி
ஹீட்டர் முன் விரலை விரித்தாள்; ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே பாசர்
அந்த இடத்தை மூன்று முறை சுற்றியது.
மோந்தது. என்னைப் பார்த்தது.
நாயைக் கூடாரத்துக்குள் விடும் வழக்கம் இங்கே இல்லை.
ஆறிக்கொண்டிருந்த மண்ணில் அப்படியே படுத்தது.

கையெழுத்து வாங்க நான் திரும்பியபோது
பல்தாந்தோர்ஜ் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.
அதற்குள் பழைய கம்பளத் துண்டுகளைத் திணித்து
காற்றுக்கு முதுகு காட்டி வேலியோரம் சாய்த்தார்.
நாய் நுழைந்தது, பாதிதான் கொண்டது.
வெளியே நீண்டிருந்த பின்னங்கால்களுக்கு மேலே
பெரிய சிவப்பு எழுத்தில்
2000 வாட்.