துடைக்க வேண்டாம்

பத்துக்கு மேல் வாங்க டாக்டர், கழுவி வைக்கிறேன் என்றார்.
கழுவிய வாயைக் காட்டுகிறவர்களைப்
பதினேழு வருடமாகப் பார்க்கிறேன்.
அதனால் ஆறரைக்கே போய் நின்றேன்,
எடப்பள்ளியில், கேரட் தோட்டத்துக்கு மேலே,
தகரக் கொட்டகைக்கு வெளியே
அது நின்ற இடத்தில்.

இரண்டே இருக்கை. துணிக் கூரை.
எலுமிச்சையிலும் சேராத, மஞ்சளிலும் சேராத நிறம்.
ராத்திரி முழுக்க இறங்கிய நீர்ப்பனி
அதன்மேல் மாவு சலித்து வைத்திருந்தது.

பெள்ளிராஜ் சால்வையோடு ஓடிவந்தார்,
கையில் ஒரு பனியன் துணி.
துடைக்க வேண்டாம் என்றேன்.
வெயில் வரட்டும்.

அடுத்தவர் வாயைப் பார்த்தே சேர்த்த காசு.
கிளினிக் வாடகை, எக்ஸ்ரே மிஷின் தவணை,
அக்கா மகளின் ஹாஸ்டல் எல்லாம் போக
எனக்கென்று மிஞ்சிய ஒரே அசட்டுத்தனம் இந்தக் கார்.
அசட்டுத்தனத்துக்கும் ரசீது கேட்கிறவள் நான்.

காபி வந்தது. ஆறியது.
யூகலிப்டஸ் உச்சியைத் தாண்ட
வெயிலுக்கு ஏழேகால் ஆயிற்று.
முன்மூடி முதலில் வியர்த்தது,
பிறகு வலது கதவு, பிறகு பின்பக்கம்,
மஞ்சள் ஒவ்வொரு துண்டாக வெளியே வந்தது.
இடது முன் மட்கார்டில் மட்டும்
ஓர் உள்ளங்கை அகலத்துக்குப்
பனி போக மறுத்தது.

தகடு சீக்கிரம் சுடும். பட்டி சுடாது.

ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து எடுத்துவந்த காந்த ஆமையை
வலப்பக்கம் வைத்தேன். கவ்விக்கொண்டது.
இடப்பக்கம் வைத்தேன்.
வழுக்கி, புல்லில் மல்லாக்க விழுந்தது.
விரல் முட்டியால் தட்டினேன்:
டங், டங், டங், தொப்.
அடைத்த பல்லுக்கும் அதே குரல்தான்.

இந்த வண்டிக்கு என்ஜின் முதுகுப் பக்கம்.
முன்னால் திறந்தால் பெட்டி வைக்கும் குழி.
ஸ்டெப்னியைத் தூக்கச் சொல்லி
என் வாய்க்கண்ணாடியை மூலைக்குள் விட்டேன்.
தூங்கி எழுந்த தலையணை உறைபோல்
தகடு முழுக்கச் சுருக்கம்.
அதன்மேல் பெயின்ட், ரொம்ப அக்கறையாக.

எங்கே இடிச்சீங்க?

இடிக்கவே இல்லையே டாக்டர்.

இனிப்பே தொடமாட்டேன் என்பவர்களின் குரல்
எனக்கு நன்றாகத் தெரியும்.
இது அது இல்லை.

கண்ணாடியை வாங்கி மண்டியிட்டார்.
பிடிக்கத் தெரியவில்லை, முதலில் வானத்தைப் பார்த்தார்,
பிறகு தன் மூக்கை.
கையைப் பிடித்துத் திருப்பிவிட்டேன்.
ரொம்ப நேரம் எழவில்லை.

பெங்களூர்க்காரன் பிள்ளை மேல சத்தியம் பண்ணினான், என்றார்.
அப்புறம் குழிக்குள்ளிருந்தே,
யாரிடமோ சொல்வதுபோல்:
அப்ப அந்த இழுப்பு…

பர்லியார் இறக்கத்துல இடப்பக்கமாவே இழுக்கும்.
என் கைதான் சரியில்லன்னு நினைச்சேன்.
நாலு வருஷமா.
வீட்டுல கூட, உங்க ஓட்டத்துல நான் ஏறமாட்டேன்னு
பஸ்ஸுலதான் மேட்டுப்பாளையம் போவா.

இரண்டு லட்சம் குறையுங்கள் என்கிற வாக்கியம்
என்னிடம் தயாராக இருந்தது.
வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது,
எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பது உட்பட.
அதைச் சொல்லும் நேரமும் அதுதான்.

யோசிச்சுச் சொல்றேன், என்றேன்.
ரூட் கேனால் என்றதும் எல்லோரும்
என்னிடம் சொல்லிவிட்டுப் போவது.

புல்லில் ஆமையைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.
நான் கிளம்பும்போது வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்,
எப்போதும் துடைக்கிற மாதிரி, கூரையிலிருந்து தொடங்கி.
மட்கார்டு வந்ததும் துணியைத் தோளில் போட்டுவிட்டு
அந்த ஈரத்தின்மேல் வெறும் கையை வைத்து நின்றார்.

வண்டிச்சோலை வரை
என் பழைய ஆல்டோ நேராகத்தான் வந்தது.
ஆளில்லாத இடம் பார்த்து
ஒருமுறை ஸ்டீயரிங்கை விட்டுப் பார்த்தேன்.