விளக்குக் கம்பம் 112

மண்டாய் சாலையில் அடிபட்டது.
டாக்சி ஓட்டும் ரொஸ்லான்
சட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார்.
தான் இடிக்கவில்லை என்றார், மூன்று தரம்.

வண்டிக்கும் சுருண்டுதான் பார்த்திருக்கிறது.
அந்தச் சுருளைப் பிரிக்க
இரண்டு பேர் வேண்டியிருந்தது.
மூச்சில்லை; அடிவயிற்றில் இன்னும் சூடு.
வெய் ஷானுக்கு அது போதும்.

விடியும்போது ஐந்து குழல் விந்து.
பெயர்? என்றது திரை.
தமிழில் இதற்கு அழுங்கு.
அழுங்குதல் என்றால் வருந்துவதும்தான்.
விளக்குக் கம்பம் 112 என்று அடித்தேன்.

நைட்ரஜன் புகை மணிக்கட்டைக் கடிக்க
மூடியைத் திருகினேன்.
இனி ஒரு பெண் வேண்டும்:
எங்கோ வடிகாலோரம்
எறும்பு நக்கிக்கொண்டு
எங்களைத் தெரியாமல்.

வாசலில் ரொஸ்லான் இன்னும்.
"பிழைக்குமா?"
மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு என்றேன்,
பதில்போல.
சட்டையை அவர் கேட்கவில்லை.